கல்லூரி முதல்வருக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும்: வெப் லேப்பைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர், கணினி அறிவியல் துறைத் தலைவர், பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

ஐந்தாம் செமஸ்டரில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் இருந்த வெப் ப்ரோகிராமிங் லேப்பை இந்தக் கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தில், ஒரு தனியார் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய ஜாங்கோ (பைத்தான் மொழியில் இணையதளம் செய்ய உதவும் ஃப்ரேம்வொர்க், அதாவது ஆயத்த அடித்தளம்) வீடியோ பாடத்தை மாணவர்கள் தாங்களாகவே பார்த்து முடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. 90 விழுக்காடு பார்த்து முடித்தால் சான்றிதழ் தானாக வரும். அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் இன்டர்னல் மார்க் முழுதாகக் கிடைக்கும். இந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் இதே துறையில் படித்தவள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அன்றாடம் கையில் இருப்பது ஜாங்கோதான். ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில், துறையின் அனுமதியோடு, ஐந்தாம் செமஸ்டர் பிள்ளைகளோடு லேப்பில் உட்காருகிறேன். சுற்றறிக்கை வந்ததும் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. செமஸ்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

முதலில் நீங்கள் வாங்கிய பாடத்தைப் பற்றி. பணம் கட்டுவதற்கு முன்னால் துறையில் யாராவது ஒருவர், பக்கத்தில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, அந்த வீடியோக்களில் வருவதைக் கூடவே அடித்துப் பார்த்தாரா? பார்த்திருந்தால் இதை வாங்கியிருக்க மாட்டீர்கள். அந்தப் பாடம் ஜாங்கோ 1.11-ஐ வைத்து எடுக்கப்பட்டது. 1.11 வெளிவந்தது 2017 ஏப்ரலில். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஏப்ரலோடு முடிந்துவிட்டன. நம் லேப் கணினிகளில் இருப்பது 5.2. இரண்டுக்கும் நடுவில் ஜாங்கோ எவ்வளவோ மாறிவிட்டது.

வீடியோவில், இணைய முகவரிகளை எழுதுவதற்கு 'யூஆர்எல்' என்ற ஃபங்ஷனை இம்போர்ட் செய்யச் சொல்கிறார்கள். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலேயே அதற்கு எளிய மாற்றாக 'பாத்' வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த 4.0-வில் வீடியோ சொல்லும் அந்த ஃபங்ஷனை நீக்கியே விட்டார்கள். ஆக, வீடியோவைப் பார்த்து அடிக்கும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே இம்போர்ட் எரர். அதைத் தாண்டி, தரவின் அமைப்பைச் சொல்லும் மாடல் எழுத வந்தால், ஒரு பதிவை இன்னொன்றோடு இணைக்கும் ஃபாரின் கீ வைக்கும் இடத்தில் அடுத்த எரர். இணைக்கப்பட்ட பதிவை யாராவது அழித்தால் இந்தப் பதிவை என்ன செய்வது என்று சொல்லும் 'ஆன் டிலீட்', 2.0-விலிருந்து கட்டாயம். வீடியோவில் அந்தப் பேச்சே கிடையாது. சரி, பழைய ஜாங்கோவையே நிறுவிக்கொள்ளலாமே என்றால், 1.11-க்கு ஆதரவு பைத்தான் 3.7 வரைக்கும்தான். இப்போது ஒரு மாணவர் பைத்தானை இறக்கினால் கைக்கு வருவது அதைவிட எத்தனையோ பதிப்பு பிந்தியது.

இதையெல்லாம் வெறும் பதிப்பு எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சனிக்கிழமை லேப்பில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வீடியோவைப் பின்பற்றி லாகின், லாக்அவுட் வைத்து ஒரு சின்ன தளம் செய்துகொண்டிருந்தாள். வீடியோவில் மேலே இருக்கும் 'லாக்அவுட்' லிங்க்கைச் சொடுக்கியதும் அழகாக வெளியே வந்துவிடுகிறது. இவள் சொடுக்கினால் ப்ரவுசரில் 405 என்று மட்டும் வந்து நிற்கிறது. டெர்மினலில் 'மெத்தட் நாட் அலவுட்' என்பது மட்டும். வீடியோவைப் பின்னால் தள்ளி, நிறுத்தி, திரையில் இருப்பதையும் தான் அடித்ததையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது லாக்அவுட் பகுதியில் ஒரு புள்ளிகூடத் தவறாக இல்லை. "அக்கா, அவங்களுக்கு வருது, எனக்கு மட்டும் வரமாட்டேங்குது. எனக்கு கோடிங் செட் ஆகாது போல" என்றாள்.

தவறு அவளுடையதே இல்லை. 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0-விலிருந்து, லாக்அவுட் என்பது லிங்க்கைச் சொடுக்கிப் போகிற கெட் முறையில் நடக்காது. ஃபார்ம் வழியாகப் போஸ்ட் முறையில் அனுப்பினால்தான் நடக்கும். காரணமும் சிக்கலானதில்லை. கெட் என்பது ஒன்றைப் பார்ப்பதற்கு, போஸ்ட் என்பது ஒன்றை மாற்றுவதற்கு. லிங்க்கிலேயே லாக்அவுட் நடக்கும் என்றால், வேறொரு தளத்தில் எவனோ ஒருவன் அந்த முகவரிக்கு நம்மைத் திருப்பிவிட்டால் போதும், நாம் கேட்காமலே நம்மை நம் தளத்திலிருந்து வெளியேற்றிவிடலாம். இதை அவளுக்குச் சொன்னேன். அவள் உடனே கேட்டாள்: "அப்போ டிலீட் பட்டனையும் லிங்க்கா வைக்கக் கூடாது, இல்லையாக்கா?" தன் தளத்தில் அதற்கு முன்பே அப்படித்தான் வைத்திருந்தாள். யாரும் சொல்லாமல் அவளே போய் அதையும் ஃபார்மாக மாற்றினாள்.

கோடிங் வராது என்று தன்னைப் பற்றிச் சொன்ன பெண்ணின் கேள்வி அது. கொஞ்ச நேரம் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்ததில் வந்த கேள்வி. இதே இடத்தில் சிக்கி, கேட்க ஆள் இல்லாமல் விட்டுவிட்டுப் போன மற்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களும் அந்த வீடியோவை 90 விழுக்காடு பார்த்திருப்பார்கள். அவர்கள் கையிலும் சான்றிதழ் இருக்கும்.

இன்னொன்று இதைவிட மோசம். அதே பாடத்தில் ஓரிடத்தில் ஃபார்மை அனுப்பியதும் 403, அதாவது அனுமதி மறுப்பு, வருகிறது. சிஎஸ்ஆர்எஃப் சரிபார்ப்பு, அதாவது ஃபார்ம் நம் தளத்திலிருந்துதான் வந்ததா என்ற சோதனை, தோற்றுவிட்டது என்கிற பக்கம். சொல்லித் தருபவர், இப்போதைக்கு இதைப் போட்டுக்கொள்வோம், பிறகு பார்க்கலாம் என்று ஃபங்ஷனுக்கு மேலே 'சிஎஸ்ஆர்எஃப் எக்ஸெம்ப்ட்' என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தப் பிறகு கடைசி வரை வரவே இல்லை. விளைவு என்னவென்றால், விடுதிப் புகார்களைப் பதிவு செய்ய ஒரு மாணவர் குழு செய்திருக்கும் ப்ராஜெக்டில் எல்லா ஃபங்ஷன்களுக்கு மேலேயும் அந்த வரி இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். "அது போட்டா எரர் வராது மேடம்" என்றார்கள். ஒருவர் லாகின் செய்து வைத்திருக்கும் நேரத்தில், இன்னொரு தளம் அவருக்கே தெரியாமல் அவர் பெயரில் ஒரு ஃபார்மை அனுப்பிவிடாமல் தடுக்கும் காவல் அது. அதை எடுத்துவிடுவதுதான் தீர்வு என்று நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஃபார்முக்குள் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (அந்தச் சோதனைக்கான ரகசிய அடையாளத்தை) ஒரே ஒரு வரியில் வைத்தால் அந்த 403 போய்விடும். நாளைக்கு இவர்களில் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஜவுளிக் கடைக்கோ பணம் புழங்குகிற ஒரு தளம் செய்து கொடுக்கப்போகிறார். அங்கேயும் இந்த வரி போகும்.

லேப் இருந்த காலத்தில் இது நடந்திருக்காது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நான் அந்த லேப்பில் படித்தவள். எங்களுக்கு லேப் எடுத்த மேடம் எங்கள் கீபோர்டைத் தொடவே மாட்டார். எரர் வந்து கூப்பிட்டால், பின்னால் வந்து நின்று, "கடைசி வரியைப் படி" என்பார். பைத்தான் எரர் மேலிருந்து கீழே நீளமாக வந்தாலும் விஷயம் கடைசி வரியில் இருக்கும். அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்தபின், மேலே இருக்கும் ஃபைல் பெயர்களில் எது நீ எழுதியது, எது ஜாங்கோவுக்கு உள்ளே இருப்பது என்று கேட்பார். நாங்கள் எழுதிய ஃபைலைக் கண்டுபிடித்து வரி எண்ணைச் சொன்னால், அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அதற்குமேல் சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. செமஸ்டர் முடிவதற்குள் ஜாங்கோவின் அந்த மஞ்சள் எரர் பக்கத்தைப் பார்த்தால் பயம் போய்விட்டது. என் முதல் வேலையில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான்.

வீடியோவில் இது கிடைக்காததற்குக் காரணம் சொல்லித் தருபவரின் திறமைக் குறைவு இல்லை. வீடியோ எடுப்பவர் தனக்கு எரர் வந்த இடங்களை வெட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறார். பார்ப்பவருக்குப் போரடிக்கக் கூடாது அல்லவா. ஆனால் ஃப்ரேம்வொர்க் கற்பதில் பாதிக்குமேல் அந்த வெட்டிய பகுதியில்தான் இருக்கிறது. என் அப்பா சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். மிஷின் சீராக ஓடும்போது யார் வேண்டுமானாலும் பக்கத்தில் நிற்கலாம், தாள் சிக்கும்போதும் கலர் விலகும்போதும் நிற்பவன்தான் தொழில் பழகுகிறான் என்பார். நம் கல்லூரியில் படிக்கும் பலரின் வீட்டிலும் பிரஸ்ஸும் தீப்பெட்டி ஆலையும் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், பார்த்தாலே தொழில் வந்துவிடுமா என்று.

அடுத்தது அந்த 90 விழுக்காடு. பிள்ளைகள் அதை எப்படி எட்டுகிறார்கள் என்று நீங்கள் விசாரிக்கவில்லை என்று நினைக்கிறேன். ராத்திரி போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தை அணைத்து, இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். விடுதியில் ஒருவருக்கு ஒருவர் முறை வைத்து அடுத்த வீடியோவைத் தட்டி விடுகிறார்கள். இதற்காகப் பிள்ளைகள் மேல் கோபப்படாதீர்கள். எதற்கு மார்க் என்று சொல்கிறோமோ அதைத்தான் எந்த மாணவனும் செய்வான். ஓடிய நிமிடங்களுக்கு மார்க் என்றீர்கள், அவர்கள் நிமிடங்களை ஓட்டுகிறார்கள்.

அக்கறையோடு பார்க்க நினைப்பவர்களின் நிலையும் சொல்கிறேன். வீட்டிலிருந்து வரும் பலரிடம் மடிக்கணினி கிடையாது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசுப் பள்ளியில் மடிக்கணினி கொடுத்தார்கள், அதில்தான் கல்லூரி முழுக்க ஓட்டினேன். இப்போதைய செட்டில் அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் நிறைய. போனில் வீடியோ பார்க்கலாம், ஜாங்கோ ஓட்டிப் பழக முடியாது. பஸ்ஸில் அருப்புக்கோட்டை போகிற வழியில் வீடியோ பார்த்துவிட்டு, வீட்டில் அடித்துப் பார்க்கக் கணினி இல்லாமல், மறுநாள் கல்லூரிக்கு வந்தால் லேப் பூட்டியிருக்கிறது, ஏனென்றால் லேப் நேரம் பாடத்திட்டத்திலேயே இல்லை. கணினிகள் எல்லாம் உள்ளே சும்மா இருக்கின்றன. லேப் கட்டணம் மட்டும் இந்த ஆண்டும் ரசீதில் இருக்கிறது.

மொழி ஒரு பெரிய தடை. வீடியோவில் பேசுபவர் வேகமான ஆங்கிலத்தில் பேசுகிறார். தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு ஒரு வாக்கியம் புரிவதற்குள் அவர் மூன்று ஃபைலைத் திறந்து மூடிவிடுகிறார். லேப்பில் ஆசிரியர், "இங்க பாரு, ப்ரவுசர் கேட்குது, வியூ பதில் சொல்லுது, டெம்ப்ளேட் அதை அழகா காட்டுது" என்று தமிழில் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், விளக்கம் புரிகிற மொழியில் வேண்டும்.

வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை முடிந்து வந்து, சம்பளம் எதுவும் எதிர்பார்க்காமல், தமிழில் பைத்தானும் ஜாங்கோவும் சொல்லித் தந்து யூடியூபில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. நானும் புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது ஒரு வீடியோவில்தான் தொடங்குகிறேன். நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், நடுராத்திரியிலும் பார்க்கலாம். எந்த ஆசிரியரும் அப்படிச் சொல்லித் தர முடியாது. லேப்புக்கு வருவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருந்தால் நானே முதலில் வரவேற்றிருப்பேன். நீங்களோ லேப்பை மூடிவிட்டு வீடியோவைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இணையவழிப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே அனுமதி தந்திருக்கிறது என்று துறையில் ஒரு பதில் சொல்லப்படுகிறது. 2021-இல் வந்த யுஜிசி விதிமுறை, ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு வரையிலான பாடங்களை, அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் வாங்கியது ஸ்வயம் பாடம் இல்லை. ஸ்வயம் பாடத்தை எடுத்தாலும், கணினி, ஆய்வகம் போன்ற வசதிகளை மாணவருக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் கல்லூரி செய்து தர வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் வீடியோ பார்த்ததற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, அதற்கு 25 விழுக்காடு. தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு. சந்தேகம் கேட்க இடமும் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆசிரியர்கள் எடுத்த வீடியோவுக்கே அவர்கள் இப்படி நடத்துகிறார்கள் என்றால், ஓடிய நிமிடத்தை வைத்து இன்டர்னல் மார்க் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

வேலை கிடைக்க இந்தச் சான்றிதழ் உதவும் என்ற பேச்சும் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும்போது நானும் நேர்காணல் குழுவில் உட்காருகிறேன். அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்படிச் சான்றிதழோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ப்ராஜெக்டைக் கொண்டு வருகிறார்கள். ஒரே வலைப்பூ, ஒரே நிறம், எழுத்துப்பிழைகூட ஒன்றே. நான் அதைத் திறந்து, இந்த மாடலில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டும், செய்யுங்கள் என்பேன். சேர்ப்பார்கள். பழைய பதிவுகளுக்கு இந்த ஃபீல்டில் என்ன மதிப்பு வைப்பது என்று ஜாங்கோ திருப்பிக் கேட்கும். அந்த இடத்தில் கை நின்றுவிடும். வீடியோவில் அந்தக் கேள்வி வந்ததில்லை. 'மேக்மைக்ரேஷன்ஸ்', அப்புறம் 'மைக்ரேட்', இரண்டையும் வரிசையாக அடிக்கத் தெரிகிறது. முதலாவது என்ன மாற்றம் என்று எழுதி வைக்கிறது, இரண்டாவது அதை டேட்டாபேஸில் செய்கிறது என்பது தெரியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். மனம் வலிக்கத்தான் திருப்பி அனுப்புகிறோம். நம் கல்லூரிப் பெயரை விண்ணப்பத்தில் பார்க்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது. இந்த ஆண்டு செட்டும் அதே மாதிரி வந்து நிற்கக் கூடாது.

ஆசிரியர் பற்றாக்குறை என்பது உண்மையான பிரச்சினை, அதை நான் மறுக்கவில்லை. லேப் எடுத்தவர்கள் சிலர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அந்த இடங்களுக்கு ஆள் போடவில்லை. இருப்பவர்கள் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, அட்மிஷன் வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறையை நிரப்ப வேண்டியது நிர்வாகம். மூன்றாம் ஆண்டு மாணவர்களின் படிப்பில் கை வைத்து நிரப்பக் கூடாது.

இனி நான் கேட்பவை.

வெப் ப்ரோகிராமிங் லேப்பை இந்தச் செமஸ்டரிலேயே திரும்பத் தொடங்குங்கள். நம்முடையது தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டத்தை மாற்ற வெளியே யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, நீங்கள் கூடி முடிவெடுத்தால் போதும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் உடனே முடியாது என்றால் இரண்டு மணி நேரத்திலாவது தொடங்குங்கள். ஆனால் அந்த நேரத்தில் லேப்பில் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், வருகைப் பதிவோடு நிறுத்திவிடாமல் மேசை மேசையாகப் போக வேண்டும்.

வீடியோ எவ்வளவு ஓடியது என்பதை வைத்து மார்க் கொடுப்பதை நிறுத்துங்கள். இன்டர்னல் மார்க்குக்கு வேறு வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஜாங்கோ தளத்தில் ஆசிரியர் வேண்டுமென்றே ஓரிடத்தை உடைத்துக் கொடுக்கட்டும், மாணவர் எரரைப் படித்துச் சரிசெய்து, ஏன் உடைந்தது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ வாயால் சொல்லட்டும். இதை இரட்டை வேகத்தில் ஓட்ட முடியாது. ரெக்கார்டு நோட்டிலும், சரியாக வந்த ப்ரோகிராமை மட்டும் பார்த்து எழுதச் சொல்லாமல், என்ன எரர் வந்தது, எப்படித் தீர்த்தோம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இப்போதைய வீடியோ பாடத்தை உடனே நிறுத்திவையுங்கள். 2017-இல் வந்த பழைய பதிப்பை விற்றதற்காக அந்த நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அதற்குப் பதிலாக, ஜாங்கோ குழுவே இலவசமாக வைத்திருக்கும் எட்டுப் பகுதிப் பயிற்சியை லேப் கையேடாக எடுத்துக்கொள்ளலாம். அதன் முதல் பகுதியே, உன் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று முதலில் பார், வேறாக இருந்தால் அந்தப் பதிப்புக்கான பக்கத்துக்குப் போ என்றுதான் தொடங்குகிறது. நான்காம் பகுதியில் ஃபார்மும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் வருகின்றன. ஐந்தாம் பகுதியில், அதுவரை நாமே எழுதிய கோடில் ஒளிந்திருக்கும் ஒரு பிழையைக் காட்டி, அதைச் சோதிக்கும் டெஸ்ட் ப்ரோகிராம் எழுதிப் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அதுதான். லேப் கணினிகள் அனைத்திலும் 5.2-ஐயே வைத்திருங்கள். 2025 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இனிமேல் எந்த வீடியோ பாடத்தை வாங்கினாலும், துறையில் ஒருவர் அதை முழுக்கக் கூடவே செய்து பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே வாங்குவது என்று விதி வையுங்கள்.

வகுப்பு முடிந்த பிறகு மாலை ஏழு மணி வரை ஒரு லேப்பையாவது திறந்து வையுங்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்களுக்கு மதிய இடைவேளையில் திறந்துவிடுங்கள்.

லேப் நடக்காத இந்த மாதங்களுக்கு வாங்கிய லேப் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். முடியாதென்றால், அது எதற்குச் செலவானது என்று பெற்றோருக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

ஆள் இல்லை என்பதால் இது நின்றுபோகக் கூடாது. என்னோடு படித்தவர்கள் சிலர் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இதே தொழிலில் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் முறை வைத்து வந்து லேப்பில் உதவத் தயாராக இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். ஆனால் நாங்கள் ஆசிரியருக்குத் துணையாகத்தான் வருவோம், ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பதற்குக் காரணமாக எங்களைக் காட்டக் கூடாது.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஐந்தாம் செமஸ்டர் மாணவர்கள் இரண்டு பேரை அழைத்து, அவர்கள் வாயாலேயே கேளுங்கள். எடுக்கும் முடிவை, காரணத்தோடு, இரண்டாம் இன்டர்னல் தேர்வு தொடங்குவதற்கு முன் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் துறையின் முன்னாள் மாணவி